தலையாட்ட வேண்டாம்

வெள்ளவத்தை
செவ்வாய்

இஞ்சாருங்கோ,

இதை லோயரின் கையில்தான் கொடுத்து விடுகிறேன். வாசித்ததும் அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

களவுச் சாமான் வாங்கியதாக உங்கள்மேல் போட்ட குற்றப்பத்திரத்தை நாளைக்கு நீதிமன்றத்தில் சிங்களத்தில் வாசிப்பார்கள். "அதில பிழை இருக்கு. அவர் பதில் சொல்ல முந்தியே நான் எதிர்க்கவேணும், பிறகு சரிவராது" என்கிறார் லோயர். கடையில் யார் என்ன கேட்டாலும் விளங்காமலே சரி ஐயா என்பதற்கு "ஹரி மாத்தயா" என்று சிங்களத்தில் சொல்லித் தலையாட்டுவீர்களே, அங்கே ஆட்டிவிடாதீர்கள். பொலிஸில் அப்படித்தானே கையெழுத்தும் வைத்தீர்கள்.

உங்களைப் பேச எனக்கு வாயில்லை. உங்களைத் தேடிப் பொலிஸ் வீட்டுக்கு வந்த அன்று என்னிடமும் ஏதோ கேட்டார்கள். பயத்தில் நானும் "ஹரி" என்றேன். அதை எழுதிக்கொண்டு போனார்கள். என்ன கேட்டார்கள் என்று எனக்கு இன்னும் தெரியாது.

உங்கள் பிள்ளைகளின் அம்மா