வாற ஆளுக்கு வைத்த சோறு

பலேர்மோ,
14.01.1996

அன்பின் கனகேசுக்கு,

நான் சுகம். சுகமில்லாமல் படுக்க நான் வேலை செய்யும் வீட்டுச் சிஞ்ஞோரா நேரம் தருவதில்லை. இடம்பெயர்ந்துபோய் அக்கராயனில் ஒரு கொட்டிலுக்குள் நீயும் பிள்ளை கேசிகாவும் எப்படி இருக்கிறீர்கள் என்பதுதான் யோசனை. நாளைக்குப் பொங்க அரிசியாவது கிடைத்ததோ?

இங்கே வியா மக்வேதாவிலிருந்து இறங்கும் சந்து ஒன்றில் அம்பலவாணர் அண்ணை சைவக்கடை திறந்திருக்கிறார். பலகையில் 'தென்னிந்தியச் சாப்பாடு' என்று இத்தாலி மொழியில் போட்டிருக்கிறது. மனுசன் இந்தியாவை விமானத்திலிருந்துகூட எட்டிப் பார்த்ததில்லை. கேட்டால், "சாவகச்சேரி எண்டு எழுதினால் இவங்களுக்கு விளங்குமே?" என்கிறார். வெள்ளைக்காரப் பெடியள் தோசையைக் கத்தியும் முள்ளுக்கரண்டியுமாக அறுப்பதைப் பார்த்தால் ஏதோ ஒப்பரேசன் நடக்கிற மாதிரி இருக்கும்.

பின்னேர ஓய்வில் தினமும் நான் அங்கேதான். உன் தம்பி பிரசாந் தேத்தண்ணிக்கு மட்டும் வருவான். தோசை சாப்பிடடா என்றால், "புல்லுத் தின்ன நான் என்ன மாடே, அத்தான்?" என்பான்.

இன்னொன்று. சாப்பிட வருகிற ஆளைப் பார்த்தே வீட்டு நிலவரம் சொல்லிவிடுவேன். செவ்வாய், வெள்ளி மட்டும் வந்தால் விரதம். சவரம் செய்யாமல் நாள்தோறும் வந்து, நிமிராமல் சாப்பிட்டுப் போனால் ஊரில் செத்தவீடு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை மீன் மச்சம் தொடமாட்டார்கள். முப்பத்திரண்டாம் நாள் அதே ஆளை மீன் சந்தையில் காணலாம். இதுவரை நான் பிழைவிட்டதில்லை.

இந்த நாட்டில் இருக்க விடுகிற பெர்மெசோவுக்கு விண்ணப்பம் கொடுத்தாயிற்று. அந்தக் காகிதம் கையில் வருமுன் வெளிக்கிட்டால் திரும்ப உள்ளே வர ஏலாது. வந்த மறுநாளே டிக்கெட் எடுப்பேன். உன்னை இந்தக் கடையில் இருத்திச் சாப்பிட வைக்காவிட்டால் என் பெயரை மாற்று.

உன்,
கோபாலசிங்கம்

அக்கராயன்,
12.02.1996

கேசிகாவின் அப்பாவுக்கு,

மற்றவர்களின் சோற்றுக் கோப்பையை எட்டிப் பார்க்கிற புத்தி கடல் தாண்டியும் போகவில்லையோ? செத்தவீட்டுக்காரரை எண்ணிச் சிரிக்க வெட்கமாயில்லையா? நாற்பத்தெட்டு வயதாகிவிட்டது என்று அங்கே ஒருவரும் உங்களுக்குச் சொல்லவில்லையா?

எனக்கு நாலைந்து நாளாகக் காய்ச்சல். இங்கே ஆருக்குத்தான் இல்லை? இரவில் கடிக்கிற நுளம்பு ஆளைத் தூக்கிக்கொண்டு போகும் போலிருக்கிறது. மருந்துக்குப் போனால் வரிசை. கேசிகா பார்த்துக்கொள்கிறாள். பெரிசுபடுத்த வேண்டாம்.

அம்பலவாணரிடம் இப்போதே சொல்லி வையுங்கோ. கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், உழுந்து வடை. வடையில் மிளகு போதாவிட்டால் எழும்பிப் போய்விடுவேன்.

காகிதம் வராமல் மட்டும் வெளிக்கிட்டு வந்து நிற்காதேங்கோ. ஐந்து வருடம் பொறுத்தாயிற்று. பிள்ளையின் காலம் அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது. சாறத்தைத் தோய்த்துக் கட்டுகிறீர்களா?

இப்படிக்கு,
கனகேஸ்

பலேர்மோ,
15.03.1996

அன்பின் கனகேசுக்கு,

சாறம் தோய்த்துத்தான் கட்டுகிறேன். காய்ச்சல் விட்டதா? உடனே எழுது.

உனக்கு ஒரு புதினம். உன் தம்பி மாடாகிவிட்டான்! இரண்டு கிழமையாக ஒரு நாள் விடாமல் சைவக்கடையில் சோறு. சோறும் பருப்பும் போதுமாம், இரண்டாம் தரம் கேட்பதில்லை. தாடி வேறு. என்னைக் கண்டால் தலையைக் குனிகிறான்.

அம்பலவாணருக்கு ஒரு மகள் இருக்கிறாள், தண்ணீர் கொண்டுவந்து வைக்கிற பிள்ளை. விளங்குதா? பெடியன் விழுந்துவிட்டான். அம்பலவாணருக்கும் விசயம் மணந்துவிட்டது போல. மகளை உள்ளே நிற்கச் சொல்லிவிட்டுப் பிரசாந்துக்குத் தானே பரிமாறுகிறார்.

நானும் ஒருக்கால் கேட்டுப் பார்த்தேன்.

"என்னடா தாடி? செத்தவீட்டுத் துடக்கோ?"

"இல்லை அத்தான். சும்மா."

துடக்கென்றால் எனக்குத் தெரியாமல் போகுமா? உங்கள் வீட்டுத் துடக்கு என் வீட்டுக்கும்தானே. ஆகவே இது காதல்தான். இரண்டு பேருக்கும் பொருத்தம் பார்க்க நீ இப்போதே ஒரு சாத்திரியாரைப் பிடி.

உன்,
கோபாலசிங்கம்

அக்கராயன்,
20.03.1996

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். அம்மாவுக்குக் கை உளைவு. நாங்கள் சுகம். அம்மா உங்களை நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னா. நல்லாக நித்திரை கொள்ளச் சொன்னா. நீங்கள் எழுதுவதை வாசித்தால் சிரிப்புத்தானாம். காகிதம் கிடைத்ததும் உடனே அறிவிக்கட்டாம்.

இப்படிக்கு,
அம்மாவும் கேசிகாவும்

பலேர்மோ,
27.03.1996

அன்பின் கனகேசுக்கு,

நேற்றுப் பிரசாந் எனக்கு விருந்து வைத்தான்! அம்பலவாணர் மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு எங்களுக்கு மட்டும் சமைத்தார். என்ன சமைத்தார் என்று சொல்லு பார்ப்போம். கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், உழுந்து வடை! உன் வாய்க்குள் கையை விட்டு எடுத்தது போல.

சுவரோரம் ஒரு கோப்பையில் எல்லாம் படைத்து ஆளில்லாமல் இருந்தது.

"ஆருக்கடா இது?"

"வாற ஆளுக்கு, அத்தான்."

பெண்ணின் மாமனாக்கும் என்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் வரவில்லை. சோறு ஆறிப்போகிறதே என்று கோப்பையை இழுத்தேன். பிரசாந் என் கையைப் பிடிக்க வந்தான், பிறகு விட்டுவிட்டான். "சாப்பிடுங்கோ அத்தான். நீங்கள்தான் சாப்பிடவேணும்" என்றவன் முகம் கழுவப் போனான். அம்பலவாணர் கரண்டியோடு அப்படியே நின்றார்.

உனக்கென்று நினைத்துக்கொண்டு உன் பங்கையும் நானே சாப்பிட்டேன். வடையில் மிளகு காணாது. நீயென்றால் எழும்பிப் போயிருப்பாய்.

உன்,
கோபாலசிங்கம்

பலேர்மோ,
28.04.1996

என் கேசிக் குஞ்சுக்கு,

நீ மார்ச் இருபதாம் திகதி எழுதியது இந்தக் கிழமைதான் வந்தது. மூன்று தரம் வாசித்தேன். அம்மா நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னா, நித்திரை கொள்ளச் சொன்னா. ஒரு ஏச்சுக்கூட இல்லை. இந்த ஐந்து வருடத்தில் என்னை ஏசாமல் உன் அம்மா ஒரு கடிதம் முடித்ததில்லை, பிள்ளை. நீ எழுதத் தெரிந்த பிள்ளைதான். ஏசத்தான் தெரியவில்லை.

அதன்பிறகுதான் பிரசாந்தின் தாடி நினைவுக்கு வந்தது. விருந்துக்கு மறுநாள் தாடியை எடுத்துவிட்டான். கடைக்கும் வரவில்லை. நான் விரலை மடித்து நாளை எண்ணினேன். பலேர்மோவில் எல்லார் வீட்டுச் சாவையும் கோப்பையில் பார்த்துச் சொன்ன கெட்டிக்காரன், என் வீட்டுச் சாவுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஒரேத்தோவில் பிரசாந்தின் அறைக்குப் போனேன். கதவைத் திறந்தவன் என் கையில் உன் கடிதத்தைக் கண்டதும் நிலத்தில் இருந்துவிட்டான்.

"அக்கா போய் ஐந்தாம் நாள் வவுனியாவிலயிருந்து ஒராள் போன் எடுத்துச் சொன்னவர். உங்களுக்குச் சொல்லவேண்டாம் எண்டு அக்காதான் சொல்லிப்போட்டுப் போனவ, அத்தான். காகிதம் வருமுன்னம் ஓடி வந்திடுவாராம்."

ஓடித்தான் வந்திருப்பேன். அவளுக்கு என்னைத் தெரியும். நீயும் மாமாவும் அவள் சொன்னதைத்தான் செய்தீர்கள். உங்களில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. பதினேழு வயதில் நீ தனியாக எப்படித்தான் தாங்கினாயோ.

பிந்திக் கேள்விப்பட்டால் மூன்று நாள் துடக்குப் போதும் என்கிறார் அம்பலவாணர். எனக்குப் போதாது. முப்பத்தொன்றும் இருப்பேன். இப்போது நானும் அந்தக் கடையில் நிமிராமல் சாப்பிடுகிற ஆள். ஒருவரும் என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. பார்த்தாலே தெரிகிறதாக்கும்.

வெள்ளிக்கிழமை பெர்மெசோ வந்தது. சட்டைப்பையில் இருக்கிறது. வவுனியா வரைக்கும் வருகிறேன். மாமி ஆரோடாவது நீ அங்கே வந்து நில். உன்னைக் கூட்டிக்கொண்டுதான் திரும்புவேன். நேரே அந்தக் கடைக்கும் போவோம். நீ இருந்து சாப்பிடு, நான் பரிமாறுகிறேன்.

ஒன்று மட்டும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன், பிள்ளை. அம்மாவுக்கு எழுதியதில் அதை விட்டுவிட்டேன். அன்றைக்கு அவளுக்குப் படைத்த சோற்றைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, கத்தரிக்காய் இன்னும் கொஞ்சம் கிடக்குதோ என்று கேட்டேன்.

உன்,
அப்பா