சனிக்கிழமை மட்சும் நான் தூக்காத கொடியும்

டூட்டிங், லண்டன்
17.08.1993, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மகள் சந்திரவதனாவுக்கு,

அம்மாவின் முழங்காலையும் என்னுடைய பிறசர் வருத்தத்தையும் விட்டுவிட்டால் நாங்கள் மூன்று பேரும் சுகம். நீயும் மருமகன் பாஸ்கரனும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று அம்மா விடிய எழும்பி நல்லூர் முருகனைக் கேட்கிறா, நானும் பக்கத்தில் நின்று கும்பிடுகிறேன். உன்னுடைய கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய், அதில் மூன்று பக்கம் உன் மாமனார் ஜம்புநாதனைப் பற்றி. பெற்ற தகப்பனின் பிறசரைப் பற்றி ஒன்றரை வரி. நொவெம்பரில் பிள்ளை பிறக்கும், ஒக்டோபரிலேயே அம்மாவும் நானும் அவரும் ஒரே பிளேனில் மெல்பேர்னுக்கு வந்து சேர வேண்டும், அதற்கு முதல் நாங்கள் இரண்டு பேரும் பகையை விட்டுவிட்டு முகம் பார்த்துக் கதைக்க வேண்டும், இதுதான் நீ போட்டிருக்கிற கட்டளை. என் மீன்குழம்பைக் கண்டால் மூக்கைச் சுளிக்கிற மனிசனுக்குப் பக்கத்தில் இருபத்திரண்டு மணித்தியாலம் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு இருக்க என்னால் ஏலாது பிள்ளை. அந்த மனிசனின் முகத்தை இந்தச் சனிக்கிழமை எப்படியும் பார்க்கத்தான் போகிறேன், அது போதும்.

சனிக்கிழமை பைனல். எங்கள் டூட்டிங் ரீமும் உன் மாமனாருடைய பிளேஸ்டோ ரீமும். மெல்பேர்னில் இரண்டு வருடம் இருந்தும் இந்த அவுஸ்திரேலியக் கால்பந்தாட்டத்தை ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறாய், ஆகவே அடியிலிருந்து சொல்கிறேன். மட்ச் சட்டனுக்குக் கிட்ட, இரண்டு கிரிக்கெட் மைதானங்களை ஒன்றாக்கிய இடத்தில் நடக்கிறது. நடுவில் ஒரு மேடு இருக்கிறது, எப்போதும் மேற்கிலிருந்துதான் காற்று, காசு சுண்டுகிற ரொஸ்ஸில் வெல்கிறவன் காற்றுப் பக்கத்தை எடுப்பான். எங்களுக்கு ரொஸ் போனால் முதல் கால்பகுதியில் மூன்று கோலுக்கு மேல் விடக்கூடாது, விட்டால் பிறகு எட்டிப் பிடிக்க முடியாது, ஏனென்றால் எங்கள் பெடியள் கடைசிக் கால்பகுதியில் நாக்குத் தள்ளி நிற்பார்கள், வெள்ளிக்கிழமை பின்னேரம் குடிக்கிற பியர் அங்கேதான் வேலை செய்யும். பிளேஸ்டோக்காரரைப் பற்றி நல்லதாக எழுத ஒன்றும் இல்லை. அவர்களிடம் சிவப்புத் தாடிக்காரன் ஒருவன் இருக்கிறான், கூரை வேலை செய்கிறவன், எங்கள் ஆட்களின் முதுகில் முழங்காலைக் கொடுத்து ஏறிப் பந்தைப் பிடிப்பான், அது சட்டப்படி சரியாம். அவர்களுடைய கப்டன் முழங்கையால் இடித்துவிட்டுத் தானே விழுந்து கிடப்பான். அந்தத் தாடிக்காரனை மறிக்க விட்டிருப்பது உன் தம்பி யோகராஜாவை. யூன் மாதம் முறிந்த விரலுக்கு இன்னும் பிளாஸ்டர் சுற்றிக்கொண்டுதான் ஆடுகிறான். அவன் ஏழு வருடமாக இந்த ஆட்டம் ஆடுகிறான், ஒரு பைனலும் கண்டதில்லை, இதுதான் முதல் தரம். சாப்பிடும்போதும் அதே கதைதான்.

இனி வெள்ளைக் கோட்டு விசயம். மைதானத்தின் இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பம் நட்டிருப்பார்கள். நடுவில் இருக்கிற உயரமான இரண்டுக்கும் இடையால் பந்து போனால் கோல், ஆறு புள்ளி. அதற்கு வெளியே, கரையில் நிற்கிற கட்டைக் கம்பத்துக்கு உள்ளால் போனால் ஒரே ஒரு புள்ளி. கம்பத்தடியில் வெள்ளைக் கோட்டுப் போட்டு நிற்கிற கோல் அம்பயர், கோல் என்றால் இரண்டு கொடியும், ஒரு புள்ளி என்றால் ஒரு கொடியும் ஆட்ட வேண்டும். அதோடு முடியாது. மற்ற முனையில் நிற்கிற கோல் அம்பயர் அதைப் பார்த்துத் தானும் அதேமாதிரிக் கொடியைத் தூக்கிக் காட்ட வேண்டும், கண்டேன் என்பதற்கு. பிறகு இரண்டு பேரும் தங்கள் தங்கள் அட்டையில் எழுத வேண்டும், மட்ச் முடிய இரண்டு அட்டையும் ஒத்திருக்க வேண்டும். ஒவ்வொரு ரீமும் ஒரு ஆளைக் கொடுக்கும். இவ்வளவு நாளும் டூட்டிங்குக்கு நான், கொடி இரண்டும் அம்மா தலையணை உறையில் தைத்துத் தந்தது. பிளேஸ்டோவுக்கு உன் மாமனார். பாஸ்கரன் இங்கே இருந்தபோது பிளேஸ்டோவுக்கு ஆடினவர், பார்க்க வந்த தகப்பனின் கையில் யாரோ கொடியைக் கொடுத்தார்கள், மகன் மெல்பேர்னுக்குப் போய் இரண்டு வருடமாகியும் அந்த மனிசன் கொடியை விடுகிறதாக இல்லை. போடுகிறது பாஸ்கரன் ஆஸ்பத்திரி லாபில் போட்ட கோட்டு. கை இரண்டு மடிப்பு, கீழே கணுக்கால் வரை, நெஞ்சில் பாஸ்கரன் என்று பெயர் தைத்திருக்கிறது. எங்கள் பெடியளுக்கு அதைக் காட்டிச் சிரித்தவன் நான்தான். உங்கள் கலியாணம் முடிந்து மூன்றாம் மாதம் அவர்கள் பக்கம் மெல்பேர்ன் வேலைக் கதையை எடுத்தார்கள், கலியாணம் பேசின பேச்சுக்கால் நேரம் அதைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, அன்றைக்கு அவரோடு நிறுத்தின பேச்சு. இரண்டு வருடமாக வாய் திறக்காமல், மைதானத்தின் இரண்டு முனையில் நின்று ஆளுக்காள் கொடி ஆட்டிக்கொண்டு இருந்திருக்கிறோம்.

மே மாதம் நடந்த மட்சைப் பற்றி உன் மாமனார் சொன்ன கதை பாஸ்கரன் வழியாக உனக்கு வந்திருக்கிறது. என்னுடைய கதையையும் கேள். அரைநேரத்தில் எல்லாரும் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றோம். அந்த மனிசன் ஒரு வெள்ளைக்காரனுக்குச் சொல்லிக்கொண்டு நின்றார், மகனும் மருமகளும் மெல்பேர்னில் வீடு வாங்கிவிட்டார்கள், மூன்று அறை, பின்வளவில் எலுமிச்சை மரம், இனி அங்கேதான் நிரந்தரம் என்று. எனக்குக் கேட்க வேண்டும் என்றே சத்தமாகச் சொன்னார் என்று அன்றைக்கு நினைத்தேன். நீ அதுவரை எனக்கு எழுதின கடிதம் எதிலும் வீடு இல்லை, எலுமிச்சை மரமும் இல்லை. மூன்று வருட கொன்ராக்ட், முடிய வந்துவிடுவோம் என்றுதான் எயார்போட்டில் என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனாய். அம்மா உன்னுடைய அறையை இன்னும் வாடகைக்கு விட மாட்டேன் என்கிறா. நான் பெற்ற பிள்ளை லண்டனுக்குத் திரும்பி வரமாட்டாள் என்பதை ஒரு பேப்பர் கோப்பையைப் பிடித்துக்கொண்டு அந்த மனிசனின் வாயால் கேட்டேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, உன்னோடும்தான்.

அதற்குப் பிறகு மூன்றாம் கால்பகுதி. அன்று பின்னேரம் எந்த ரீமும் வெல்லலாம் என்ற நிலை. பிளேஸ்டோக்காரன் அடித்த பந்து அந்த மனிசன் நின்ற முனையில் கட்டைக் கம்பத்துக்கு உள்ளால் போனது. மட்ச் முடிய என்னுடைய அட்டையில் இரண்டு ரீமுக்கும் அறுபத்திரண்டு, அவருடைய அட்டையில் பிளேஸ்டோவுக்கு அறுபத்துமூன்று. அவர் நேரே என்னிடம் வந்தார். இரண்டு வருடத்துக்குப் பிறகு முதல் வார்த்தை. "நீங்க பாத்தீங்க சார். நான் கொடிய இறக்காம நின்னேன், நீங்க என்னையேதான் பாத்துட்டு நின்னீங்க" என்றார். நான் அங்கே ஒரு கொடியும் ஆடவில்லை என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னேன். அன்று பதினாறு தரம் ஒற்றைக் கொடி ஆடியிருக்கிறது, அதில் ஒன்று கூடியதா குறைந்ததா என்று யாருக்கு நினைவிருக்கும். கமிட்டி மட்சைச் சமன் என்று எழுதியது. அவருக்குத் தடித்த கண்ணாடி, கண் தெரியாது என்று நான் சொன்னேன். வயது அறுபத்தெட்டு, தன் பக்கத்துக்கு ஒரு புள்ளியைத் தானே போட்டுக்கொண்டார் என்று பிளேஸ்டோக்காரரே குசுகுசுத்தார்கள். எனக்கு அது சந்தோசமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், மூன்று மாதமாகச் சந்தோசமாகத்தான் இருந்தது.

உன் கடிதத்தின் கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறாய், அப்பா, நீங்கள் அந்தக் கொடியைக் கண்டீர்களா என்று. உனக்குப் பதில் எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யோகராஜா சாப்பாட்டு மேசையில் ஒரு கதை சொன்னான். சனிக்கிழமை அரையிறுதி இரண்டும் ஒரே மைதானத்தில் நடந்தன, எங்களுடையது முதல், பிளேஸ்டோவுடையது பிறகு. நான் ஷிப்டுக்கு நேரமாகிறது என்று வந்துவிட்டேன், அவன் நின்று பார்த்திருக்கிறான். மட்ச் தொடங்க முதல் பிளேஸ்டோ கப்டன் உன் மாமனாரிடம் போய், இனி உங்களால் வேண்டாம் அங்கிள் என்று கொடி இரண்டையும் கையிலிருந்து வாங்கி வேறொருவனிடம் கொடுத்தானாம். அந்த மனிசன் கோட்டைக் கழற்றி மடித்து, ஒரு பிளாஸ்டிக் பையில் வைத்துக்கொண்டு, கயிற்றுக்கு வெளியே நின்று கடைசி வரை பார்த்தாராம். யோகராஜா சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அம்மா சிரிக்கவில்லை. மனுசியும் இல்லாமல் தனியாக இருக்கிற வீட்டுக்கு அந்தப் பையோடு போயிருப்பார் என்று மட்டும் சொன்னா, பிறகு என்னைப் பார்த்தா. நான் தட்டை வழித்துச் சாப்பிட்டேன். அவர் அங்கே நிற்பது பிளேஸ்டோவுக்காக இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மகன் ஓடித் திரிந்த இடத்தில் மகனுடைய கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறார். அவருடைய பிள்ளையும் அதே மூன்று அறை வீட்டில்தான் இருக்கிறான் என்பதை நான் ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை.

கண்டேன் பிள்ளை. கொடியைக் கண்டேன். ஒரு விரலைக் காட்டி, ஒரு கொடியை ஆட்டி, பிறகு அதை இறக்காமல் என்னுடைய பதிலுக்காக அந்த மனிசன் நின்றதை முழுதாகக் கண்டேன். என் இரண்டு கையும் கீழேதான் இருந்தன. எலுமிச்சை மரத்தை நினைத்துக்கொண்டு நின்றேன்.

நேற்றுக் காலை லீக் செக்ரட்டரிக்கு ரெலிபோன் எடுத்துச் சொல்லிவிட்டேன். அவர் பல் டாக்டர், ஆளை வாய் திறக்க விட்டுவிட்டுத் தான் பேசாமல் இருக்கத் தெரிந்தவர். கடைசியில் சொன்னார், முறைப்பாட்டுக்கான காலம் போய்விட்டது, மே மாதத்துச் சமன் சமன்தான், பைனல் நடக்கும். ஆனால் நான் இனிக் கொடி பிடிக்க முடியாது. சனிக்கிழமை ஒரு முனையில் கொடியைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஜம்புநாதன் நிற்பார், மற்ற முனைக்கு வேறு கிளப்பிலிருந்து ஆள் வரும். இரண்டு கப்டனுக்கும் இன்று பின்னேரம் சொல்வாராம். யோகராஜா பிரக்டிசுக்குப் போயிருக்கிறான். மற்றவர்கள் வாயால் அவனுக்குத் தெரிய முதல் நான் சொல்லியிருக்க வேண்டும், காலையில் வாய் வரவில்லை. அவன் வரும் வரைக்கும் குசினி மேசையில் இருந்து இதை எழுதுகிறேன். ஏழு வருடம் காத்திருந்த பைனலுக்கு, பொய்க்காரனின் மகன் என்ற பேரோடு போகப்போகிறான்.

புதன்கிழமை தொடர்கிறேன். அவன் வந்தான், கேள்விப்பட்டுவிட்டுத்தான் வந்தான். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. "அப்பா, அந்த ஒரு பொயின்ற் எனக்கு வேணுமெண்டு நான் கேட்டனானோ?" என்றான். இல்லை என்றேன். இன்று காலையில் தேத்தண்ணியையும் குடிக்காமல் வேலைக்குப் போய்விட்டான். உனக்கு ரெலிபோன் எடுப்பான், அவனைச் சமாதானம் செய்யப் போகாதே, அவன் பக்கம் நியாயம் இருக்கிறது. அந்தத் தாடிக்காரனை மட்டும் விடாமல் ஒட்டி நிற்கச் சொல்லு, என்னிடம் இப்போது புத்தி கேட்கமாட்டான்.

இந்தக் கடிதம் உனக்கு வந்து சேரும்போது மட்ச் முடிந்திருக்கும். பிளேஸ்டோ தோற்க வேண்டும் என்ற என் ஆசையில் ஒரு மாற்றமும் இல்லை, பெரிசாகத் தோற்க வேண்டும். அந்த மனிசனிடம் போய் மன்னிப்புக் கேட்கவும் மாட்டேன், எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. புதிய அம்பயர் தன்னுடைய கொடியோடு வருவதால் அம்மா தைத்த இரண்டும் வீட்டில் கிடக்கின்றன. அதில் ஒன்றைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு போகிறேன். அவருக்கு எதிர் முனையில், கயிற்றுக்கு வெளியே நிற்பேன். மட்ச் தொடங்க முதல், ஒரு புள்ளியும் விழாத நேரத்தில், அவர் இந்தப் பக்கம் பார்த்தால் அந்த ஒரு கொடியைத் தூக்குவேன். எதற்கென்று அவருக்கு விளங்கும். தடித்த கண்ணாடி என்று நான் சொன்னதும் பொய்தான், அந்த மனிசனுக்குக் கண் நன்றாகத் தெரியும்.

நீ இரும்புச்சத்துக் குளிசையை மறக்காமல் போடு, பாரம் தூக்காதே, வீட்டின் படத்தை இனியாவது அனுப்பு, அந்த மரத்தையும் சேர்த்து எடு. உனக்கும் மருமகனுக்கும் பிறக்கப்போகிற பிள்ளைக்கும் எங்கள் இரண்டு பேரின் ஆசி எப்போதும் உண்டு. பிளேன் ரிக்கற் விசயம் மறந்துவிடாதே, மூன்றாகவே பதியச் சொல்லு. ஆனால் சம்பந்தியை யன்னல் பக்கம் போட்டு, என்னை நடைபாதைப் பக்கம் போட்டு, நடுவில் அம்மாவை இருத்து.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா
க. தியாகராஜா