குடிக்காமல் வைத்த கோப்பை

கெரக்,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் அபீருக்கு,

அல்லாஹ்வின் கருணையால் நானும் அப்பாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், நீயும் பிள்ளைகளும் அந்தக் கனடாக் குளிரில் சுகமாக இருக்க வேண்டும். போனில் நீ சுகம் என்று சொல்வதை நான் பாதிதான் நம்புவேன். தபாலை அந்த அளவுகூட நம்புவதில்லை, அதனால்தான் இதை அங்கே வரும் ஃபவ்வாஸ் மகன் கையில் கொடுத்தனுப்புகிறேன். உறையின் ஓரம் பிரிந்திருந்தால் எனக்குச் சொல். கூடவே ரொட்டியில் தொட்டுக்கொள்ள ஒரு கிலோ ஸஅத்தர் பொடி இருக்கிறது, எடை போட்டு வாங்கிக்கொள்.

நம் பல்கலைக்கழகத்தில் படித்த கெரக் ஊர்க்காரர்களைச் சேர்த்து வியாழன்தோறும் நம் வீட்டில் பேச்சு வட்டம் தொடங்கியிருக்கிறேன் என்று சொன்னேனே. பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு உன் அப்பாவோடு மட்டும் எவ்வளவுதான் பேசுவது? முதல் வாரம் தண்ணீர்ப் பஞ்சம், அடுத்த வாரம் பாடப்புத்தகம் என்று ஒன்பது பேர் கூடிப் பேசினோம். விவசாய அதிகாரியாக இருந்த ஃபவ்வாஸ் பேச வருகிறாரா, என் பேரீச்சை பிஸ்கட்டுக்கு வருகிறாரா என்பதே எனக்குச் சந்தேகம். ஆனால் நிதால் என்று ஒருவன், உன் வகுப்பில் படித்தவனாம், அவன்தான் என் நிம்மதியைக் கெடுத்தான். வாயே திறக்கவில்லை. சட்டைப்பையில் பேனா. நான் ஊற்றிக் கொடுத்த காபியை எதிரில் வைத்துவிட்டு மூன்று வாரமும் தொடவில்லை. அரசாங்கம் உளவு பார்க்க அனுப்பிய ஆள் என்று முடிவு கட்டிவிட்டேன். சர்க்கரை வியாதியாக இருக்கும் என்றார் அப்பா. ஏலக்காய் போட்ட கசப்புக் காபியில் சர்க்கரை எங்கே இருக்கிறது? ஒவ்வொரு வாரமும் அந்தக் கோப்பையை எடுத்துப்போய்க் கொட்டிக் கழுவினேன்.

நேற்றும் எடுக்கக் கை நீட்டினேன், ஃபவ்வாஸ் தடுத்துவிட்டார். "ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தீங்க டீச்சர், இது தெரியலையா? காபியைக் குடிக்காம வெச்சிருக்கான்னா ஏதோ கேட்க வந்திருக்கான். என்ன வேணும்னு நீங்க கேட்கணும். சரின்னு சொன்னாத்தான் குடிப்பான்." எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. பெண் கேட்கிற இடத்திலும் பகை தீர்க்கிற இடத்திலும் இதை எத்தனை தடவை பார்த்தவள் நான்! சந்தேகம் கண்ணை மறைத்துவிட்டது. என்ன வேண்டும் என்று கேட்டேன். அவன் தலை நிமிராமல் சொன்னான்: "அபீர் மேல மொட்டைக் கடுதாசி போட்டது நான்தான் டீச்சர். வகுப்புல அவ முதல், நான் ரெண்டாவது. இப்ப என் பொண்ணு நாங்க படிச்ச பல்கலைக்கழகத்துலயே சேர்ந்திருக்கா. வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன், உள்ளே போகக் கால் வரலை. மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

கட்டண உயர்வை எதிர்த்துச் சுவரொட்டி ஒட்டியது நீ என்று எழுதி, கடைசி வருடத்தில் உன்னை வெளியே தள்ள வைத்து, இருபது வருடமாக உன்னை எங்களுக்குத் தூரமாக்கிய அதே கடுதாசிதான். அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். இப்போது எதற்கு வந்தான், ஏதாவது தேர்தலில் நிற்கிறானா என்று இன்று காலை விசாரித்தும் பார்த்தேன், ஒன்றும் இல்லை. குடி என்று நான் சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டிய சொல். கோப்பை கழுவாமல் சமையலறையில் இருக்கிறது.

ஆனால் அபீர், என்னை அரிப்பது வேறு. அதை ஹியாம்தான் எழுதினாள் என்று நான் அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். விடுதியில் உன்னோடு ஒரே அறையில் இருந்தாள், உன் நோட்டை இரவல் வாங்கினாள், எனக்கு அது போதுமாக இருந்தது. நீ அவள் இல்லை, அவள் இல்லை என்று அழுதாய். அவள் கல்யாணத்துக்கு அழைக்க வந்தபோது நான் கதவைத் திறக்கவில்லை. அவள் அம்மா இறந்தபோது, இரண்டே தெரு தள்ளி, துக்கம் கேட்கவும் போகவில்லை.

நாளைக் காலை அவள் வீட்டுக்குப் போகிறேன். திறப்பாளா தெரியாது. திறந்து காபி ஊற்றினால் எதிரில் வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். எதுவும் கேட்காமல் அவள் அதை எடுத்துப்போய்க் கழுவினாலும் மறுபடியும் போவேன்.

நிதாலுக்கு என்ன சொல்வதென்று யோசித்து எழுது, போனில் வேண்டாம். உன் பதில் வரும்வரை வியாழன்தோறும் அவனுக்குக் காபி ஊற்றுவேன். கம்பளித் தொப்பி இல்லாமல் வெளியே போகாதே. அல்லாஹ் உன் பாதையை லேசாக்கட்டும், உன் பிள்ளைகள் உனக்கு நிழலாகட்டும்.

அன்றைக்கே உன் பேச்சைக் கேட்டிருக்க வேண்டிய
உன் அம்மா,
இன்ஆம்