அப்பாவின் பழைய லென்ஸ்களுக்கு ஒரு சின்ன கேமரா

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், என் முழங்கால் ஒன்றைத் தவிர. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். உன் தம்பிக்கு ஆபீஸில் இடம் மாற்றிவிட்டார்கள், பாதி நாள் பஸ்ஸிலேயே போகிறது என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறான், அவன் பெண்டாட்டி அதைக் கண்டுகொள்வதே இல்லை, கெட்டிக்காரி. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி திருத்தம் சொல்வார்.

அப்பாவுக்குக் கேமரா வாங்கியாகிவிட்டது. நீ சொன்னது இல்லை, கோபித்துக்கொள்ளாதே. அச்சகத்தில் வண்ணத்தாளில் ஒரு புள்ளி விலகினாலும் பிடித்துவிடுவார் என்று கழுகு என்று பேர் வாங்கிய மனுஷர், நடுப்பார்வை மங்கிவிட்டது, ஓரம்தான் தெரியும், கண்ணாடி மாற்றிப் பிரயோஜனமில்லை என்று கண் டாக்டர் சொன்னதிலிருந்து பழைய கேமராவைத் தொடவில்லை என்பது உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் அந்த மூன்று லென்ஸ்களையும் மட்டும் வாரம் தவறாமல் எடுத்துத் துடைப்பார். எதற்கு என்று கேட்டால் பூஞ்சை பிடிக்கும் என்பார். தானாகவே ஃபோகஸ் பண்ணும் கேமரா என்று நீ சொன்னாயே, அன்றைக்கு போனை வைத்த பிறகு, "அதுவே பாத்துக்கும்னா நடுவுல நான் எதுக்கு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அதற்குப் பிறகு அவரிடம் அந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை.

போன வாரம் நான்தான் பிடிவாதம் பிடித்து தம்பியை வண்டி எடுக்கச் சொன்னேன். லென்ஸ்களைத் துண்டில் சுற்றி என் கைப்பையில் வைத்தார், தோள் கழன்றுவிட்டது. தம்பி கடைக்குள் நுழையும்போதே, இதையெல்லாம் கொடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கினால் என்ன என்று ஆரம்பித்தான், ஒரு முறை முறைத்தேன், அடங்கினான். கடைப்பெண் முதலில் சட்டைப்பையில் போடுகிற மாதிரி ஒன்று காட்டினாள், அதில் லென்ஸைக் கழற்றவே முடியாதாம். இரண்டாவதில் நடுவில் ஒரு வளையம் வைத்து அப்பாவின் அகல லென்ஸைப் பொருத்தினாள், கச்சிதமாகத்தான் இருந்தது, ஆனால் அவர் பார்த்துவிட்டுப் பாதிக் கடையைக் காணோமே என்றார். உள்ளே வெளிச்சம் விழுகிற தகடு சின்னது, அதனால் படத்தின் ஓரம் வெட்டுப்படும் என்று அவள் விளக்கினாள். "ஓரம்தாம்மா எனக்கு மிச்சம். அதையும் வெட்டிட்டா எப்படி?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தப் பெண்ணுக்குத்தான் சிரிப்பு வரவில்லை, உள்ளே போய் வேறொன்று எடுத்து வந்தாள். சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிது, தகடு பெரியது, மணிக்கட்டு வலி உள்ள அவர் கைக்கும் தோதான கனம், கண்ணை வைத்துப் பார்க்க ஒரு துளையும் உண்டு. அதையே, பழைய லென்ஸைப் பொருத்தும் வளையத்தோடு வாங்கினோம்.

மறுநாள் உன் தம்பி ஆபீஸுக்குக் கிளம்பிய பிறகு மாட்டினால் படம் எடுக்க மாட்டேன் என்கிறது. லென்ஸ் இல்லை, லென்ஸ் இல்லை என்று திரையில் எழுத்து வருகிறது. கையளவு லென்ஸ் முன்னால் குந்திக்கொண்டிருக்கிறது, இல்லையாம்! அவர் கழற்றினார், மாட்டினார், துடைத்தார், மறுபடி கழற்றினார். தன் கண்தான் ஏதோ தப்புப் பண்ணுகிறது என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது, பேசாமல் பெட்டிக்குள் வைத்துத் திருப்பிக் கொடுத்துவிடு என்றார். அந்தக் குரலை நீ கேட்டிருக்கக் கூடாது. நான் அடுக்களைக்குப் போய் அந்தக் கடைப்பெண்ணுக்கு போன் போட்டேன். பழைய லென்ஸுக்குக் கேமராவோடு பேசத் தெரியாது ஆன்ட்டி, அதனால் அங்கே ஒன்றுமே இல்லை என்று அது நினைத்துக்கொள்ளும், லென்ஸ் இல்லாமலும் எடு என்று ஒரு செட்டிங் இருக்கிறது என்றாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நானே தேடிப்பிடித்து மாற்றினேன், உன் தம்பி படித்த படிப்பெல்லாம் அந்த நேரத்தில் பஸ்ஸில் இருந்தது.

பிறகு நடந்ததை எப்படிச் சொல்வேன் என்று தெரியவில்லை. நான் ஜன்னலோரம் அவர் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தேன். அவர் எதிரே உட்கார்ந்து கண்ணை வைத்து, ஒரு பட்டனை அழுத்தி, லென்ஸ் வளையத்தை மெல்லத் திருப்பினார். அதில் எது தெளிவாகிறதோ அதன் விளிம்பெல்லாம் சிவப்பாக மினுங்குமாம், பட்டனை அழுத்தினால் அந்த இடம் மட்டும் அவருடைய ஓரப் பார்வைக்கே எட்டும்படி பூதாகரமாகப் பெரிதாகுமாம். வளையத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருந்தார். எடுத்துத் தொலையுங்கள், கழுத்து வலிக்கிறது என்றேன். "கொஞ்சம் இரு. உன் புருவம் எப்ப நரைச்சுது?" என்றார்.

ஊசி கையில் அப்படியே நின்றுவிட்டது. இரண்டு வருஷமாக நான் அவருக்குச் சாப்பாடு போடுகிறேன், மாத்திரை கொடுக்கிறேன், சண்டை போடுகிறேன், அவர் என் முகத்தையே பார்க்கவில்லையடி. குரலையும் நடையையும் வைத்தே குடும்பம் நடத்தியிருக்கிறார், எனக்குத் தெரியவிடவில்லை. நீ பிறப்பதற்கு முன்னால் வாங்கிய ஒரு கண்ணாடித் துண்டும் நேற்றுவந்த ஒரு டப்பாவும் சேர்ந்து என்னை அவருக்குக் காட்டிக் கொடுத்துவிட்டன. எனக்குக் கை கூப்பத் தோன்றியது, யாரைப் பார்த்துக் கூப்புவது என்றுதான் தெரியவில்லை. அன்றிலிருந்து வீடு முழுக்க அலைகிறார், குழாய் நுனியில் நிற்கிற சொட்டு, சுவரில் போகிற எறும்பு, என் கையில் எண்ணெய் தெறித்த தழும்பு, எல்லாவற்றையும் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டுகிறார், நானும் புதிதாகப் பார்க்கிற மாதிரி வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறேன்.

வீடியோவில் வரும்போதெல்லாம் நீ இளைத்துவிட்டாய் என்பாரே, அது உன் முகத்தைப் பார்த்துச் சொன்னது இல்லையாம், குரலைக் கேட்டு உத்தேசமாக அடித்துவிட்டதாம், நேற்றுத்தான் ஒப்புக்கொண்டார். உன் போட்டோவைத் திரையில் வைத்துக் கேமராவால் பார்த்தும் பார்த்துவிட்டார், வெறும் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது, இது என் பெண் இல்லை என்கிறார்.

எல்லா நலமும் பெற்று நீங்கள் மூவரும் நீடூழி வாழ வேண்டும். குட்டிக்கு என் முத்தங்கள். லீவு கிடைத்ததும் வந்துவிடு. வந்ததும் பெட்டியை வைத்துவிட்டு நேராக ஜன்னல் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார். உன்னைப் பார்த்து முடிக்க அப்பாவுக்கு நேரம் பிடிக்கும், அசையாதே.

இப்படிக்கு,
உன் அம்மா