சத்தம் வராத டிஸ்க்

அன்பு மகனுக்கும் மருமகளுக்கும்,

அப்பா எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாம் சுகம். நீங்கள் இருவரும் நேரத்துக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். கல்யாண வீடியோவை அம்மா பார்த்தாளா என்று போனில் கேட்டாயே, அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாமல்தான் இந்தக் கடிதம்.

நீ அனுப்பிய லிங்க்கைக் காட்டப் போனபோதே அவள் போனைத் தள்ளிவிட்டாள். அந்தக் கல்யாணத்தை என் கண்ணால பாக்கமாட்டேன், சொன்னா சொன்னதுதான் என்றாள். அவள் பிடிவாதம் உனக்குத் தெரியாததா, உனக்கும் அங்கிருந்துதானே வந்தது. லிங்க் மாதக் கடைசியில் போய்விடும் என்று நீ சொன்னதால், வீடியோவை இறக்கி நம் பழைய பிளேயரில் ஓடுகிற மாதிரி டிஸ்க்காக்கி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். முதலில் ஃபைலை அப்படியே ஏற்றிப் போட்டேன், பிளேயர் துப்பிவிட்டது. அதற்குப் புரிகிற ஃபார்மட்டுக்கு மாற்ற வேண்டுமாம். அதற்கு ஒரு சாஃப்ட்வேர், அது கேட்ட கேள்விகளைப் பெண் வீட்டார்கூட உன்னிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.

இரண்டாவது டிஸ்க்கில் படம் வந்தது, சத்தம் வரவில்லை. அம்மா டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தாள். மிஷின் எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு முடித்ததும் நீ கேமரா பக்கம் திரும்பி ஏதோ சொல்கிறாயே, அந்த இடத்தில், என்ன சொல்றான் அவன் என்று பின்னாலிருந்து குரல். லிங்க்கில் கேட்டிருந்ததால் எனக்குத் தெரியும், ஆனாலும் அதை நான் சொல்லி அவள் கேட்கக் கூடாது என்று பட்டது. சத்தம் இன்னும் ஏறலை என்றேன். ஒரு வேலையும் உருப்படியாச் செய்யத் தெரியாதா என்று அர்ச்சனை விழுந்தது.

மூன்றாவதில் சத்தம் வந்தது, ஆனால் படம் பக்கவாட்டில் நசுங்கி எல்லோரும் ஒட்டடைக்குச்சி மாதிரி நின்றீர்கள், கடைசிப் பகுதியும் ஏறவில்லை. புள்ள இப்படித் துரும்பா இளைச்சுட்டானே என்று அவள் பதற, எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மருமகளைக் காட்டி, அந்தப் பொண்ணு உடுப்புல தோள் வெட்டே சரியில்லை, நான் தைச்சிருந்தா இப்படியா நிக்கும் என்றாள்.

நாலாவது டிஸ்க் அச்சாக வந்துவிட்டது, எனக்கு அப்போதுதான் பயம் பிடித்தது. தப்பான டிஸ்க் ஓடினால் அது அப்பாவின் சோதனை ஓட்டம், சொன்ன சொல் கெடாமல் அவள் பார்க்கலாம். சரியானதைப் போட்டால் அது உன் கல்யாணம், எழுந்து போய்விடுவாள். அதனால் அதைப் பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டு, இன்னும் சரியாக வரவில்லையே என்று புலம்பிக்கொண்டு திரிந்தேன்.

நேற்று கடைக்குப் போய்விட்டுத் திரும்பினால் டிவி ஓடுகிறது. அம்மா நாற்காலியை நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். பீரோவில் நான் ஒளித்து எதுதான் அவள் கண்ணுக்குத் தப்பியது. கையெழுத்து முடிந்து நீ கேமரா பக்கம் திரும்புகிற அந்தக் கடைசி இடம் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா, பாக்குறியாம்மா என்று நீ கேட்கிறாய். பாத்துக்கிட்டுதான்டா இருக்கேன் என்று டிவியைப் பார்த்துப் பதில் சொல்கிறாள். நான் பையும் கையுமாக வாசலிலேயே நின்றுவிட்டேன். என் கண்ணும் நிறைந்துவிட்டது, மறைப்பானேன்.

ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல் நீங்கள் இருவரும் நிறைவாக வாழ வேண்டும், இதுவே என் ஆசி. ஞாயிற்றுக்கிழமை காலை என் போனுக்குக் கூப்பிடு. அதை நான் மறந்த மாதிரி தையல் மிஷின் மேல் வைத்துவிட்டு வெளியே போய்விடுவேன். டிஸ்க்கைப் பற்றி மூச்சு விடாதே. மருமகளின் தோள் அளவை மட்டும் எடுத்து வைத்துக்கொள், அம்மா கேட்பாள்.

இப்படிக்கு,
அப்பா