தம்பி சுற்றிய நரம்பு

செப்டம்பர் 24, புதன்
ரொட்டி சுட்டேன். துணி துவைத்தேன். மதியம் தம்பி வீட்டுக்குப் போனேன். தம்பி லஸ்அத் இறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அவன் மனைவி ஸக்கியா இத்தாவில் இருக்கிறாள், நாலு மாதம் பத்து நாள் வெளியே வரமாட்டாள். நாற்பதாம் நாள் சாப்பாட்டுக்கு, குஸ்குஸுக்கு, என்ன மீன் வாங்கலாம் என்று கேட்டேன்.
"அண்ணி, இந்த வீட்டுக்கு அவரு ஒரு நாளும் கடையில மீன் வாங்கினதில்ல. அவரு பேர்ல போடுற சாப்பாட்டுக்கு மட்டும் கடை மீனா?"
அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அவனுடைய தூண்டில் கம்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். சின்ன வயதில் அவனோடு பாறையில் நின்று பிடித்தவள்தானே நான்?

செப்டம்பர் 26
கம்பில் தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிற ரீல் சரியில்லை. மீன் இழுத்தால் கொஞ்சம் கொஞ்சமாக நரம்பை விட்டுக்கொடுக்கணும். இது பிடித்துக்கொண்டே இருந்து சடாரென்று விடுகிறது. இரண்டு மீன் போச்சு.
கழற்றிப் பார்த்தேன். உள்ளே நரம்பைப் பிடித்து விடுகிற கம்பளி வில்லைகள் காய்ந்து கருவாடாகக் கிடந்தன. காதுவலிக்கும், மூட்டுவலிக்கும், கிறீச்சிடும் கதவுக்கும் நம் வீட்டில் எதை ஊற்றுவோம்? அதையே ஊற்றினேன். ஆலிவ் எண்ணெய்.

செப்டம்பர் 29
எண்ணெய் பிசினாகிவிட்டது. ரீல் நகரவே இல்லை. பாறையிலிருந்து வீடு வரை பூனைகள் என் பின்னாலேயே வந்தன.
வாசலில் என் வீட்டுக்காரர் பெஷீர்: "ஹரீஸா மிளகாய் விழுதும் கொஞ்சம் தடவியிருந்தா ரொட்டிக்குத் தொட்டுக்கலாமே."
லஸ்அத் போன பிறகு இன்றுதான் சிரித்தேன். உடனே வாயைப் பொத்திக்கொண்டேன். ஏன் பொத்தினேன்?

அக்டோபர் 1
துறைமுகத்தில் ரீல் பழுது பார்க்கிற மொன்ஜியிடம் போனேன். மோந்து பார்த்தான்.
"அக்கா, இது ரீலா, சாலட் கிண்ணமா?"
"வாய மூடிட்டு சரி பண்ணு."
"என்ன மீன் வேணும்?"
"மன்னானி. தம்பியோட நாற்பதாம் நாளுக்கு."
"அப்ப கார்பன் வில்லை போடணும். மன்னானி பெரிய மீனு, கடிச்சதும் பாறைப் பொந்துக்குள்ள ஓடும். கம்பளின்னா சூடேறி வழுக்கிடும், கார்பன் அசராது. ஆனா இந்த மெல்லிசு நரம்பு தாங்காது. தடிச்சதா மாத்திடலாம்."
நரம்பை மாற்ற மாட்டேன் என்றேன். தம்பி தன் கையால் சுற்றியது அது. மொன்ஜி நரம்பைத் தொடவில்லை. கார்பனை மட்டும் போட்டுக் கொடுத்தான்.

அக்டோபர் 4
கடித்தது! மன்னானிதான், அந்தக் கனம் எனக்குத் தெரியும். ஒரே வெட்டி இழுப்பு — நரம்பு அறுந்தது. பாறையில் உட்கார்ந்து கத்தினேன். "ஏன்டா இவ்ளோ மெல்லிசா சுத்தின? சுத்திட்டு ஏன்டா போன?" பக்கத்தில் தூண்டில் போட்டிருந்த கிழவர் வாளியைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய்விட்டார்.
அவன் நரம்பில் இருபது முழம் கடலோடு போயிற்று.

அக்டோபர் 7
மொன்ஜி: "கார்பன் கிளம்புறப்ப ஒரு வெட்டு வெட்டும்க்கா. தடிச்ச நரம்பு அதைத் தாங்கும். மெல்லிசுக்குக் கம்பளிதான், எண்ணெய் ஊறின கம்பளி. மீன் தொட்டதுமே நரம்பக் குடுக்கும்."
"டெஃப்லான்னு ஒண்ணு சொல்வாங்களே?"
"வழவழன்னுதான் இருக்கும். ஆனா இறுக்கியே வெச்சா நசுங்கிப் போகும். கம்பளி போடு. மன்னானிய மறந்துடு, சின்ன மீனுதான், வராத்தா வரும்."
கம்பளி வில்லை அவனிடம் தீர்ந்துவிட்டது. பழைய செஷியா கம்பளித் தொப்பி இருந்தால் கொண்டு வா, வெட்டிக்கலாம் என்றான்.
பெஷீர் செஷியா போடுகிறவர் இல்லை. தம்பி போடுவான். ஸக்கியாவிடம் எப்படிக் கேட்பது?

அக்டோபர் 8
கேட்டேன். எழுந்து போய்ச் சிவப்புத் தொப்பியும் கத்தரியுமாக வந்தாள்.
"இத்தன வருஷம் வழுக்கையத்தான் மறைச்சுது. இப்பவாவது உருப்படியா ஒரு வேலை செய்யட்டும்."
இரண்டு பேரும் சிரித்தோம், பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்க்கும்படி. அவள்தான் வெட்டினாள். நான் தொப்பியைப் பிடித்துக்கொண்டேன்.

அக்டோபர் 9
மொன்ஜி வில்லைகளை மாட்டி, ரீலுக்கென்றே உள்ள எண்ணெயை ஊற்றினான். பெஷீர் சமையலறை எண்ணெயை எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறார்.

அக்டோபர் 13
விடிகிற நேரம் கோட்டைக்குக் கீழே பாறை. முதல் மீன் ஓடியது. சர்ர்ர் — வெட்டே இல்லை. ஓடட்டும் என்று விட்டேன். நின்றது, சுற்றினேன். மறுபடி ஓடியது, மறுபடி விட்டேன். வராத்தா! பிறகு இன்னொன்று, இன்னொன்று. வாளி நிறைந்தது. தள்ளிப் போன கிழவர் திரும்பி வந்து, "கத்தினா மீன் வருமாம்மா?" என்றார்.

அக்டோபர் 14
நாற்பது. ஓதினார்கள், சாப்பிட்டார்கள். ஸக்கியாவின் மாமா தட்டைக் கிளறி, "மன்னானி இல்லையா?" என்றார். ஸக்கியா சொன்னாள்: "அவரு நரம்புக்கு வந்தது இதுதான் மாமா. சாப்பிடுங்க."
மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

அக்டோபர் 20
கம்பையும் ரீலையும் திருப்பிக் கொடுக்கவில்லை. ஸக்கியாவும் கேட்கவில்லை. மீன் கொண்டுபோன வாளியைக் கழுவி அனுப்பியிருந்தாள். கூடவே சொல்லியும் அனுப்பினாள்: வெள்ளிக்கிழமை தன் தங்கச்சி வருகிறாளாம், நாலு மீன் போதுமாம்.
காற்று திரும்பியிருக்கிறது. புழு தோண்டப் போகிறேன்.