செவலைக்கு ஒரு கன்று

ஐப்பசி 9, திங்கள்
விடாத தூறல். எழுதிய போர்டு எதுவும் காயவில்லை.

காலையில் கடைக்கு ஓர் அம்மாள். பெயர் குப்பம்மா. திருவொற்றியூரில் ஒற்றை மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவள். வண்ணாரப்பேட்டை எண்ணெய்க் கடைக்கு நான் வரைந்த காளையை நிஜ மாடு ஒன்று மோந்து பார்த்ததாம், கேள்விப்பட்டு வந்தாளாம். அன்று படத்துக்குக் கீழே புண்ணாக்கு மூட்டை இருந்தது. அதை நான் சொல்லவில்லை.

அவளுக்கு வேண்டியது கன்றுக்குட்டி. நிஜ அளவில், பலகையில் வெட்டி நிறுத்த வேண்டும். பார்க்கப்போவது மாடு! செவலையின் கன்று செத்துவிட்டது. தோலில் வைக்கோல் அடைத்து முன்னால் நிறுத்திக் கறந்திருக்கிறாள். மழையில் அது அழுகி, நாய்கள் இழுத்துப்போய்விட்டன.

"கன்னு இல்லாங்காட்டி பால் வுடாது நைனா. ஞாயித்துக்கெழம தரகன் வரான். பால் இல்லன்னா அடிமாட்டுக்கு இட்டுனு பூடுவான்."

சரி என்றுவிட்டேன். இப்போது யோசித்தால், யாரோ என்னைக் கேலி செய்ய ஏவிய வேலை. பக்கத்து சைக்கிள் கடை காதர் மேல்தான் சந்தேகம்.

10, செவ்வாய்
டிராம் நிறுத்தியதிலிருந்து எங்கே போனாலும் நடைதான். செருப்பு வார் அறுந்தது.

திருவொற்றியூர் போய்ப் பார்த்தேன், மாடு இருக்கிறது. அப்படியானால் கேலி இல்லை. வேறு என்ன?

தூறலுக்குப் போர்த்திக்கொள்ளக் குப்பம்மா ஒரு சாக்கு கொடுத்தாள். கொட்டகையில் கூரை இருக்கிறதே என்றேன். ஒழுகும் என்றாள். நான் இருந்தவரை ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. சாக்கில் சகிக்க முடியாத நாற்றம்.

கன்றுக்கு அடையாளம் கேட்டேன். நெற்றியில் வெள்ளை. எழுதிக்கொண்டேன்.

12, வியாழன்
வாங்க வேண்டியது: டர்பன்டைன், வெள்ளை, செருப்பு வார்.

இன்று வெள்ளை மூக்கில் என்கிறாள். முந்தாநாள் நெற்றி என்றாயே என்றால், "எங்கியோ ஒரு எடத்துல வையேன்" என்கிறாள். படம் கேட்கிறவள் பேசுகிற பேச்சா இது? உட்கார்ந்ததும் மறக்காமல் சாக்கு வந்துவிடுகிறது. செவலை வேறு என்னையே பார்க்கிறது.

சாயங்காலம் காதரை மடக்கிக் கேட்டேன். தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். "மாட்டுக்குப் படம் போடற ஆளு நீ. சந்தேகம் எனக்குத்தான் வரணும் மாமு."

14, சனி
கன்றை நிறுத்தினோம். என் கையில் வந்ததிலேயே நல்ல படம் இதுதான். கன்றின் கண்ணில் ஈரம்கூட வந்திருந்தது.

செவலை ஒருமுறை மோந்தது. டர்பன்டைன் வாடைக்குத் தும்மியது. திரும்பிக்கொண்டது. அவமானமாக இருந்தது. மாட்டிடம் தோற்றுப்போனதை யாரிடம் சொல்வது? நாளைக்குத் தரகன் வருகிறானே என்ற நினைப்பு அதற்கப்புறம்தான் வந்தது. அதுவும் வெட்கம்.

செவலை நேரே என்னிடம் வந்தது. சாக்கை நக்கியது, பிறகு என் கழுத்து, காது, தலைமயிர்.

"அசையாத. அப்டியே குந்து."

குப்பம்மா அதற்குள் மடியடியில். கையில் சொம்பு ஏற்கெனவே இருந்தது. விரலில் எண்ணெய்கூடத் தடவியிருந்தாள். சர் சர்ரென்று பால் விழும் சத்தம். நாக்கு அரம்தான். ஆனாலும் நான் நகரவில்லை. பிடித்திருந்தது.

சாக்கு யாருடையது என்று பிறகு கேட்டேன். கன்று படுத்திருந்த சாக்காம். அதை நீயே போர்த்திக்கொண்டால் என்ன என்றேன்.

"நான் போத்திக்கினா கறக்கறது யாரு?"

முதல் நாளே திட்டம் போட்டாயா என்றேன். ஒரு தம்ளர் பால் நீட்டினாள். குடித்தேன், தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான்.

15, ஞாயிறு
தரகன் வந்தான். மடியைத் தடவினான். கறந்து காட்டு என்றான். நான் சாக்கோடு உட்கார்ந்தேன். பின்னாலிருந்து சிரித்தான், சிரிக்கட்டும். சொம்பு நிறைந்ததும் போய்விட்டான்.

என் கன்றைத் தவிட்டுப் பானைக்கு மூடியாக வைத்திருக்கிறாள். கேட்கவில்லை.

புறப்படும்போது, மழை வரும், போர்த்திக்கொண்டு போ என்று சாக்கை என் தோளில் போட்டாள். வானத்தில் மேகமே இல்லை.

16, திங்கள்
நல்ல வெயில். போர்டுகள் காய்கின்றன. தொட நேரம் இல்லை.

விடியும் முன்பே சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். காதர் கடை திறந்துகொண்டிருந்தான். மூக்கைப் பொத்திக்கொண்டு எங்கே என்றான். படம் வரைய என்றேன். தூரிகை எங்கே என்று கேட்டான்.